பேஸ் கிட்டார் மேதைகள்: கைத்திறன் பெரிதா, தனிப்பாணி பெரிதா?

கீழ்ஸ்தாயி எழுதியது:

ஸ்டான்லி கிளார்க், மார்கஸ் மில்லர், விக்டர் வூட்டன் ஆகிய மூவரும் சேர்ந்து 2008ஆம் ஆண்டில் ‘தண்டர்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். மூன்று பேஸ் கிட்டார்கள் ஒரே நேரத்தில் ஒலித்தால் எல்லாம் கலங்கிப்போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இவர்கள் மூவரையும் முன்பே கேட்டுப் பழகியவருக்கு, எந்த வரியை யார் வாசிக்கிறார் என்று சொல்லச் சில அளவைகளே, அதாவது சில தாளச் சுற்றுகளே போதும். கிளார்க்கின் அலெம்பிக் கிட்டாரில் எழும் ஒலி கூர்மையானது. நின்று வாசிக்கும் பெரிய அக்கூஸ்டிக் பேஸில் பழகிய விரல்களுக்கே உரிய முரட்டு இழுப்பு அதில் இருக்கும். மில்லர் தமது 1977ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸைக் கட்டைவிரலால் தட்டும்போது, கீழே பருத்தும் மேலே கண்ணாடித் துண்டு போலப் பளபளத்தும் ஒரு ஒலி பிறக்கிறது. வூட்டனின் கட்டைவிரல் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டிவிட்டு அதே வேகத்தில் மேல்நோக்கியும் மீட்டுவதால், அவருடைய சொற்கட்டுகள் இடைவெளியே தெரியாமல் உருண்டு வருகின்றன.

மூவரும் கைத்திறனில் உச்சத்தில் இருப்பவர்கள். ஆகவே இவர்களை வேறுபடுத்துவது கைத்திறனின் அளவு அன்று என்பதை இந்த ஒரு ஆல்பத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். அப்படியிருந்தும், பேஸ் கிட்டார் கலைஞர்களை ஒப்பிடும் விவாதங்கள் பெரும்பாலும் வேகத்திலும் உத்திகளின் எண்ணிக்கையிலும் போய் முடிகின்றன. ஒருவர் இரு கைகளாலும் ‘டாப்பிங்’ (விரல்நுனியால் தந்தியை விரற்பலகையில் தட்டி ஒலி எழுப்புதல்) செய்கிறாரா, ஹார்மோனிக்ஸில் (தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் மணியொலிச் சுரங்களில்) முழுப்பாடலையும் வாசிக்கிறாரா, மூன்று விரல்களால் மீட்டுகிறாரா என்பவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் திறமைகள் என்பதால் அவற்றை எண்ணிப் பட்டியலிடுவது எளிதாக இருக்கிறது. ஒரு சுரத்தை எந்தக் கணத்தில் தொடங்குவது, அதைவிட முக்கியமாக எந்தக் கணத்தில் நிறுத்துவது, மீட்டாத மற்றத் தந்திகளை எப்படி அடக்கி வைப்பது என்பவை கண்ணுக்குத் தெரிவதில்லை. பேஸ் வாசிப்பின் பெரும்பகுதி உழைப்பு இந்த இரண்டாம் வகையில்தான் செலவாகிறது என்பது, அந்தக் கிட்டாரைச் சில மாதங்கள் கையில் வைத்திருந்த எவருக்கும் தெரியும்.

என் கருத்து இதுதான். ஓர் இசைத்தேவையைத் தீர்ப்பதற்காகப் பிறந்த உத்தி, அதைக் கண்டுபிடித்தவரின் பாணியாக நிலைத்துவிடுகிறது. தேவைக்கு மேல் சேர்க்கப்படும் உத்தி, எவ்வளவு அரியதாக இருந்தாலும், உத்தியாகவே நின்றுவிடுகிறது. பேஸ் கலைஞர் லாரி கிரகாம் கட்டைவிரலால் தந்தியைத் தட்டத் தொடங்கியது, தம் தாயாருடன் வாசித்துவந்த குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் இல்லாமல் போனபோதுதான். பேஸ் டிரம் அடிக்கு ஈடாகக் கட்டைவிரல் தட்டலையும், ஸ்னேர் எனும் சிறு டிரம்மின் அடிக்கு ஈடாகத் தந்தியைச் சுண்டி இழுப்பதையும் அவர் பயன்படுத்தினார். பிறகு ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் 1969ஆம் ஆண்டுப் பாடலான ‘தேங்க்யூ’ வழியாக அது உலகெங்கும் பரவியது. இன்று ‘ஸ்லாப்’ என்று நாம் சொல்லும் முறை முழுவதும் அந்த இல்லாத டிரம்ஸின் இடத்தை நிரப்பப் பிறந்ததுதான். கிரகாமைவிடப் பலமடங்கு வேகமாக ஸ்லாப் செய்பவர்கள் இன்று ஏராளம். அவரைப் போல ஒரே அடியில் முழுக்குழுவையும் தூக்கி நிறுத்துபவர்களை என்னால் விரல்விட்டு எண்ண முடியும்.

நண்பர்கள் இதை ஏற்கிறீர்களா? மறுப்பதானால் எந்தக் கலைஞரை முன்வைத்து மறுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.


மெட்ரோனோம் எழுதியது:

மறுக்கிறேன். விக்டர் வூட்டனை முன்வைத்தே மறுக்கிறேன்.

நீங்கள் ‘கைத்திறன்’ என்ற சொல்லுக்குள் பாணியையும் ரசனையையும் சேர்த்துவிட்டு, பிறகு இரண்டும் ஒன்றுதான் என்று காட்டுகிறீர்கள். சுரத்தை எப்போது நிறுத்துவது என்று தீர்மானிப்பது ரசனை. தீர்மானித்தபடி நிறுத்த முடிவது கைத்திறன். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் ஒப்பீடு என்ற பேச்சுக்கே இடம் உண்டு. கைத்திறனுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. முதலாமவர் வாசிப்பதை இரண்டாமவரால் வாசிக்க முடியுமா, இரண்டாமவர் வாசிப்பதை முதலாமவரால் வாசிக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த எந்த வரியையும் வூட்டனால் சுரம் பிசகாமல் வாசிக்க முடியும். வூட்டன் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எ ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்’ ஆல்பத்தில் உள்ளவற்றை ஜேமர்சனால் வாசித்திருக்க முடியாது. வேறு வாத்தியமோ, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த தடங்களோ இல்லாமல், பேஸ் கிட்டாரை மட்டும் கொண்டு செய்யப்பட்ட ஆல்பம் அது. தாளம், கீழ்வரி, மேல்மெட்டு ஆகிய மூன்றையும் ஒரே ஆள் ஒரே சமயத்தில் தாங்கி நிற்கிறார். இந்த ஏற்றத்தாழ்வு உண்மையானது. அதைச் சொல்வதால் ஜேமர்சனின் பெருமை சற்றும் குறையாது.

அடுத்து, தேவைக்கு மேற்பட்ட உத்தி பாணியாகாது என்கிறீர்கள். தேவையை யார் வகுப்பது? ஒரு பேஸ் கிட்டார் துணையின்றித் தனியே நின்று கச்சேரி செய்ய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வூட்டன் அந்தத் தேவையைத் தாமே உருவாக்கினார். அவருடைய கட்டைவிரல் முறையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் மூத்த சகோதரர் ரெஜி வூட்டன். ஐந்து சகோதரர்களில் இளையவரான விக்டர், சிறுவயதிலேயே குடும்பக் குழுவில் பேஸ் வாசிக்க அமர்த்தப்பட்டார். அண்ணனிடமிருந்து வந்த ஓர் உத்தி, தம்பியின் கையில் முழுமையான மொழியாக வளர்ந்திருக்கிறது. அதில் தேவை எங்கே, உபரி எங்கே என்று கோடு போடுவது எனக்குச் சாத்தியமாகத் தோன்றவில்லை.

கடும் பயிற்சியால் மட்டுமே அடையக்கூடிய ஒன்றைப் பாணி என்ற பெயரால் இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவது பயிற்சிக்குச் செய்யும் அநீதி என்றே நான் நினைக்கிறேன். பில்லி ஷீஹன் மூன்று விரல்களால் மீட்டும் சீரான ஓட்டத்தை ஒருமுறை மெதுவாக்கிக் கேளுங்கள். மூன்று விரல்கள் நான்கு சுரங்களைக் கொண்ட கட்டுகளை மீட்டும்போது, அடி ஒவ்வொன்றும் வேறு வேறு விரலில் வந்து விழும். அப்படியிருந்தும் எந்த அடியும் மற்றதைவிட வலுக்காமல் வருகிறது. அதைச் சாதிக்க எத்தனை ஆண்டுகள் உழைத்திருப்பார் என்பதை எண்ணிப்பார்த்தால் அதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க மனம் வராது.


வழுக்குத்தந்தி எழுதியது:

இருவரும் ஜேகோ பாஸ்டோரியஸ் பெயரை இன்னும் எடுக்கவில்லை. இந்தக் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான சான்று கிடையாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1976ஆம் ஆண்டு அவருடைய பெயரிலேயே வெளிவந்த முதல் ஆல்பம், சார்லி பார்க்கரோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘டோனா லீ’ என்ற பீபாப் (வேகமான ஜாஸ் வகை) மெட்டுடன் தொடங்குகிறது. பின்னணியில் டான் அலியாஸின் காங்கா முரசு மட்டுமே. சாக்ஸபோனுக்காக உருவான, மூச்சுவிட இடமில்லாத அந்த மெட்டை ஃப்ரெட் (விரற்பலகையில் சுரத்தின் இடம் காட்டும் உலோகப் பட்டை) இல்லாத பேஸில் வாசித்தது அன்றைய கேட்பவர்களுக்கு மெட்ரோனோம் சொல்லும் சோதனையில் நூற்றுக்கு நூறு. அதே ஆல்பத்தில் ‘போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேசி’ இருக்கிறது. தந்தியைச் சுட்டுவிரலால் அழுத்தி, அதே கையின் சுண்டுவிரலை எட்டி நீட்டித் தந்தியை மெல்லத் தொட்டு, இயற்கையாக அந்த இடத்தில் கிடைக்காத ஹார்மோனிக்ஸை வருவித்து, அவற்றைக் கொண்டு கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரத்தொகுதிகளை) அடுக்குகிறார். இரண்டிலும் உத்தி இருக்கிறது. ஆனால் முதலாவதைக் கேட்டு நான் வியக்கிறேன். இரண்டாவதைக் கேட்கும்போது அது எப்படி வாசிக்கப்பட்டது என்ற எண்ணமே எழுவதில்லை.

ஃப்ரெட் இல்லாத கிட்டாரில் கைத்திறன் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கணக்காகவே காட்டலாம். ஃபெண்டர் ஜாஸ் பேஸின் தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீட்டர். தந்தியின் நட்டநடுவில், பன்னிரண்டாம் ஃப்ரெட் இருந்திருக்க வேண்டிய இடத்தில், விரல் இரண்டரை மில்லிமீட்டர் நகர்ந்தால் சுரம் 10 சென்ட் அளவு, அதாவது அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு விலகிவிடும். வேகமான வாசிப்பில் கேட்பவர் இதைக் கவனிக்காமல் விடலாம். நீண்ட கார்வையில் எந்தக் காதும் விடாது. வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘ஹெவி வெதர்’ ஆல்பத்தில் உள்ள ‘எ ரிமார்க் யூ மேட்’ என்ற மெதுவான பாடலைக் கேளுங்கள். அங்கே ஜேகோ நீளமான சுரங்களைத் தாங்கி நிற்கிறார். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட இடத்தில் வந்து நின்ற பிறகு, விரலின் மெல்லிய அசைவால் சற்றே நடுங்குகிறது. ‘டோனா லீ’யைவிட இதை வாசிப்பது எளிது என்று ஃப்ரெட்லெஸ் வாசிப்பவர் எவரும் சொல்லத் துணியமாட்டார். ஆனால் திறமைப் பட்டியல்களில் இந்தப் பாடல் இடம்பெற்று நான் பார்த்ததில்லை.

அந்த ஒலி எப்படி உருவானது என்பதும் நம் விவாதத்துக்கு உரியது. 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் ஒன்றின் ஃப்ரெட்டுகள் நீக்கப்பட்டு, பள்ளங்கள் அடைக்கப்பட்டு, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸிப் பிசின் விரற்பலகையின்மேல் பூசப்பட்டது. வட்டச்சுற்று உலோகத் தந்திகள் வெறும் மரத்தை அரித்துவிடும். எபாக்ஸி அவற்றைத் தாங்குவதோடு ஒலிக்கு ஒரு கடினமான பளபளப்பையும் தந்தது. பிரிட்ஜுக்கு (தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு) அருகிலுள்ள பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்னாக்கும் காந்தக் கருவியை) முன்னிறுத்தி, அதன் பக்கத்திலேயே மீட்டினார். அதற்கும் முன்னால், புளோரிடாவின் ஈரக்காற்றில் அவருடைய அக்கூஸ்டிக் பேஸ் விரிசல் விட்டு வீணானது. அந்தப் பெரிய வாத்தியத்தின் குரலை மின்கிட்டாரில் தேடிய தேடலின் விளைவே இந்தக் கிட்டார். கீழ்ஸ்தாயி சொன்ன ‘தேவை’ இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

ஆனால் ஒரு விஷயம் அவருடைய கருத்துக்கு எதிராகப் போகிறது. தேவையிலிருந்து பிறந்த இந்தப் பாணியைப் பின்வந்த ஒரு தலைமுறையே நகலெடுத்தது. 1980களில் ஃப்ரெட்லெஸ் பேஸை எடுத்தவர்களில் மிகப் பலர் ஜேகோவின் குரலிலேயே பேசினார்கள். உத்தியை நகலெடுக்கலாம், பாணியை நகலெடுக்க முடியாது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை ஜேகோவின் வரலாறு பொய்யாக்குகிறது.


விரல்பயிற்சி எழுதியது:

நான் பேஸ் கற்கத் தொடங்கியவன். மூத்தவர்கள் எழுதுவதைக் கூர்ந்து வாசித்து வருகிறேன். இணையக் காணொளிகளில் என் வயதுடையவர்களும் என்னைவிட இளையவர்களும் வூட்டனின் கட்டைவிரல் முறையைத் தண்ணீர் பட்ட பாடாக வாசிக்கிறார்கள். ஜேமர்சன் வாசித்த பாடல்களைக் கேட்டால் எனக்குப் பேஸ் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே நேரமாகிறது. அவரை ஏன் இவ்வளவு உயரத்தில் வைக்கிறீர்கள் என்பதைக் கொஞ்சம் விளக்குவீர்களா? உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.


கீழ்ஸ்தாயி எழுதியது:

விரல்பயிற்சி கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்வதிலேயே மெட்ரோனோமுக்கும் பதில் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

முதலில், எங்கே கேட்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவி வொண்டரின் 1968ஆம் ஆண்டுப் பாடலான ‘ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்’ பாடலை நல்ல ஹெட்ஃபோனில் வைத்து, பாடகரை விட்டுவிட்டுக் கீழே மட்டும் கேளுங்கள். ஒரு அளவையில் வந்தது அடுத்த அளவையில் அப்படியே திரும்புவது அரிது. ஒவ்வொரு கார்டுக்கும் இடையே அரைச்சுரப் படிகளால் பாதை போட்டுக்கொண்டே போகிறார். அடி விழ வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே சில சுரங்கள் வந்து விழுகின்றன. சில இடங்களில் எதிர்பார்த்த அடியைக் காலியாக விடுகிறார். இவ்வளவு நடந்தும் பாடகரின் வாயிலிருந்து ஒரு சொல்லையும் அவர் பிடுங்கவில்லை. ஃபோர் டாப்ஸ் குழுவின் ‘பெர்னடெட்’ பாடலிலும் இதைக் கேட்கலாம். அங்கே பேஸ் வரியை மட்டும் தனியே பிரித்துக் கேட்டாலும் அது ஒரு முழு இசைப்படைப்பாக நிற்கும்.

இனி அவருடைய கைகளைப் பற்றி. இவை அனைத்தையும் அவர் வலதுகையின் சுட்டுவிரல் ஒன்றைக் கொண்டே மீட்டினார். அந்த விரலுக்கு ‘ஹூக்’, அதாவது கொக்கி என்றே பெயர் வைத்திருந்தார்கள். அக்கூஸ்டிக் பேஸில் தொடங்கியவர் என்பதால் அந்தப் பழக்கம் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸுக்கு வந்த பிறகும் நீடித்தது. தந்திகள் விரற்பலகையிலிருந்து உயரமாக இருந்தன. தட்டையான சுற்றுடைய கனத்த தந்திகளை ஆண்டுக்கணக்கில் மாற்றாமலே வாசித்தார். பிரிட்ஜின் மூடிக்கு அடியில் பஞ்சுத்துண்டு இருந்ததால் சுரம் மீட்டியவுடன் பருத்து எழுந்து விரைவில் அடங்கியது. ஒற்றை விரலால் வாசிப்பவர் ஒரு தந்தியிலிருந்து கீழ்த்தந்திக்குப் போக அதே விரலை இழுத்துக்கொண்டே போக வேண்டும். அவருடைய வரிகளின் சறுக்கும் அசைவில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. திறந்த தந்திகளை அவர் அவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தியதற்கும் இடதுகை நகர அவகாசம் வேண்டியிருந்தது ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

இப்போது மெட்ரோனோமின் சோதனைக்கு வருகிறேன். வூட்டனால் ஜேமர்சனின் சுரங்களை வாசிக்க முடியும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அவை தாளில் எழுதப்பட்டுப் பல பத்தாண்டுகளாகப் புழங்குகின்றன. நல்ல பயிற்சியுடைய எவரும் வாசிக்கலாம். ஆனால் அந்தச் சுரங்கள் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டு நம் கையில் கிடைத்திருக்கின்றன. டெட்ராய்ட் நகரில் அந்தச் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், கார்டுகள் குறிக்கப்பட்ட தாளை முன்னால் வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்குள் அந்த வரியை உருவாக்குவது வேறு செயல். அதையும் கைத்திறனில் சேர்க்க வேண்டும் என்பதே என் வாதம். எதைத் தேர்வது என்ற முடிவும் அதை வாசிக்கும் விரலும் ஒரே கணத்தில் இயங்கும்போது, இரண்டையும் வெட்டிப் பிரித்து ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் தருவது சரியாகாது.

இன்னொன்றும் உண்டு. மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு ஆல்பமான ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ உறையில் அச்சாகும்வரை ஜேமர்சனின் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது. மோட்டவுன் தன் ஒலிப்பதிவுக் கலைஞர்களின் பெயரை அச்சிடும் வழக்கத்தை வைத்துக்கொள்ளவில்லை. பெயர் தெரியாத அந்த ஆண்டுகளிலும் பேஸ் வாசிப்பவர்கள் அவரைக் காதால் அடையாளம் கண்டு பின்பற்றினார்கள். பால் மெக்கார்ட்னி தம்மைப் பாதித்தவர்களுள் ஒருவராக அவரைச் சொல்லியிருக்கிறார். பெயரும் முகமும் இல்லாமல் வரியை மட்டும் கேட்டு ஒருவரை அடையாளம் காண முடிகிறது என்பதைவிடத் தனிப்பாணிக்கு வலுவான சான்று எது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் 1983இல் காலமானபோது அவருக்கு வயது 47. உரிய அங்கீகாரம் பெரும்பாலும் அதற்குப் பிறகே வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.


தாளவாசகர் எழுதியது:

நான் பேஸ் வாசிப்பவன் அல்லன், டிரம்ஸ் வாசிப்பவன். பேஸ் கலைஞருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒரு பெயரைச் சேர்க்கிறேன்: வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பினோ பல்லாடினோ.

1983ஆம் ஆண்டு பால் யங் பாடி வெளிவந்த ‘வேர்எவர் ஐ லே மை ஹேட்’ பாடலின் தொடக்கத்தில், பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே, ஆக்டேவ் பெடல் (ஒரு ஸ்தாயி தள்ளியும் சுரத்தைச் சேர்த்து ஒலிக்கச் செய்யும் கருவி) வழியாக ஒலிக்கும் ஃப்ரெட்லெஸ் பேஸ் மெட்டைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பத்தாண்டு முழுவதும் அந்த ஒலியைக் கேட்டுத்தான் பாடகர்கள் அவரை அழைத்தார்கள். அதே மனிதர் 2000ஆம் ஆண்டில் டி’ஏஞ்சலோவின் ‘வூடூ’ ஆல்பத்தில் ஃப்ரெட் உள்ள பிரிசிஷன் பேஸை எடுத்துக்கொண்டு, டிரம்ஸில் அமர்ந்த குவெஸ்ட்லவ்வுடன் சேர்ந்து, அடிக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து வாசிக்கிறார். ஆக்டேவ் பெடலும் இல்லை, பாடும் மெட்டும் இல்லை. சுரங்கள் குறைவு, ஒவ்வொன்றும் கனம். பிறகு ஜான் என்ட்விசில் 2002இல் மறைந்தபோது, ராக் உலகிலேயே சுரங்களை அதிகம் அடுக்கி வாசித்த பேஸ் கலைஞர்களுள் ஒருவரின் இடத்தில், த ஹூ குழுவின் மேடையில் போய் நின்றார்.

இவருடைய தனிப்பாணி எது? முதலாவதா, இரண்டாவதா? எனக்குத் தெரிந்த பதில், காலப்பிரமாணம். அடிக்குப் பின்னால் சாய்ந்து வாசிப்பது சோம்பலாக வாசிப்பது அன்று. டிரம்ஸுக்கும் பேஸுக்கும் இடையே உள்ள அந்த நூலிழை இடைவெளி பாடல் முழுவதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இடைவெளி ஒருமுறை குறைந்து மறுமுறை கூடினால் பாட்டு தள்ளாடும். மாறாமல் நின்றால் கேட்பவரின் உடல் தானாகவே ஆடும். வேகமாக ஓடும்போது தவறை மறைக்க அடுத்த சுரம் உடனே வந்துவிடுகிறது. இங்கே மறைக்க எதுவும் இல்லை. பக்கத்தில் அமர்ந்து வாசிப்பவனாகச் சொல்கிறேன்: மேடையில் எனக்கு நிம்மதி தருவது இந்தத் திறமைதான், இரு கை டாப்பிங் அன்று.


மெட்ரோனோம் எழுதியது:

தாளவாசகர் சொன்ன பல்லாடினோவை முழுமனத்தோடு ஏற்கிறேன்; அவர் என் தரப்புக்கே வலுச் சேர்க்கிறார். ஒரு பாணியிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடிவது, எந்தப் பாணிக்கும் கட்டுப்படாத கைத்திறன் அடியில் இருப்பதால்தான். ஒற்றைப் பாணியில் பிறந்து அதிலேயே நிற்பவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

ஜேமர்சன் பற்றிய விளக்கத்தில் ஒரு பகுதியை மட்டும் மறுக்கிறேன். ஒற்றை விரலின் கட்டுப்பாடே அவருடைய பாணியைத் தந்தது என்பது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அப்படியானால் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்குப் பாணி வாய்க்காமல் போயிருக்க வேண்டும். அந்தோணி ஜாக்சனைப் பாருங்கள். ஓ’ஜேஸ் குழுவின் 1973ஆம் ஆண்டுப் பாடலான ‘ஃபார் த லவ் ஆஃப் மனி’யின் தொடக்கத்தில், பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு தகட்டால்) மீட்டி, ஃபேஸ் ஷிஃப்டர் (ஒலியை அலையலையாகச் சுழலச் செய்யும் கருவி) வழியாக வாசித்த அந்த வரி இன்றும் இரண்டு விநாடிகளில் அடையாளம் தெரிகிறது, பாடலாசிரியர்களின் பெயர்களோடு அவர் பெயரும் சேர்ந்தது அந்த வரியால்தான். அத்துடன் நிற்காமல், நான்கு தந்திகள் போதவில்லை என்று கார்ல் தாம்ப்சனைக் கொண்டு 1970களிலேயே ஆறு தந்திக் கிட்டாரைச் செய்வித்தார். தம்மை உருவாக்கியவர்களாக அவர் சொன்னவர்கள் ஜேமர்சன், ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் ஜாக் கசாடி, பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான். பாணி இங்கே கட்டுப்பாட்டிலிருந்து வரவில்லை. காது எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பதிலிருந்து வந்திருக்கிறது.

நம்மவர்களுக்கு நெருக்கமான ஒரு சான்றும் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் ஹெல்பொர்க், கிட்டார் கலைஞர் ஷான் லேனுடனும் கஞ்சிரா வித்வான் வி. செல்வகணேஷுடனும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ‘குட் பீப்பிள் இன் டைம்ஸ் ஆஃப் ஈவில்’ ஆல்பத்தைச் செய்தார். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த, கார்டுகளையே ஸ்லாப் செய்யும் அளவுக்குக் கைத்திறன் படைத்தவர் அவர். கஞ்சிராவின் சொற்கட்டுகள் குறுக்கே பாயும்போது அவற்றுடன் உரையாட அவரிடம் வேகமும் கணக்கும் தயாராக இருந்தன. அந்தத் தயார்நிலை இல்லாமல் பாணி மட்டும் இருந்திருந்தால், அந்தச் சந்திப்பு மரியாதையோடு விலகி நிற்பதாகவே முடிந்திருக்கும்.

விரல்பயிற்சிக்கு என் ஆலோசனை: உத்திகளைக் கற்பதற்கு அஞ்ச வேண்டாம். எது பிற்காலத்தில் தேவைப்படும் என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது.


வழுக்குத்தந்தி எழுதியது:

மெட்ரோனோமின் ஹெல்பொர்க் சான்று எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எதிர்த்திசையில் ஜப்பான் என்ற பிரிட்டிஷ் குழுவின் மிக் கார்னையும் வைத்துப் பார்க்க வேண்டும். முறையான இசைக்கல்வி இல்லாதவர். சுரங்களைத் தாளில் வாசிக்கத் தெரியாதவர். 1981ஆம் ஆண்டின் ‘டின் டிரம்’ ஆல்பத்தில் அவருடைய ஃப்ரெட்லெஸ் பேஸ் நெளிந்து வளைந்து எதிர்பாராத சுரங்களில் போய் உட்காருகிறது. ஜேகோவின் நிழல் எல்லார் மேலும் விழுந்திருந்த காலத்தில் அந்த நிழலுக்கு வெளியே நின்ற வெகு சிலருள் அவரும் ஒருவர். ‘டோனா லீ’யை அவரால் வாசித்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அவரைப் போல வாசித்தவர் இன்னொருவரும் எனக்குத் தெரிந்து இல்லை.

இருதரப்பும் ஒரே மேசையில் வைத்துச் சோதிக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஜேகோ இயற்றிய ‘டீன் டவுன்’ 1977ஆம் ஆண்டின் ‘ஹெவி வெதர்’ ஆல்பத்தில் இருக்கிறது. அந்தப் பதிவில் டிரம்ஸ் வாசித்தவரும் ஜேகோவே. மணிக்கட்டுக் காயத்தால் பேஸுக்கு மாறுவதற்கு முன் அவர் டிரம்ஸ் வாசித்தவர் என்பது, ஒவ்வொரு பதினாறில் ஒரு பங்குச் சுரமும் விழும் அழுத்தத்தில் தெரிகிறது. மார்கஸ் மில்லர் 1993இல் வெளியிட்ட ‘த சன் டோன்ட் லை’ ஆல்பத்தில் அதே பாடலை வாசித்திருக்கிறார். ஜேகோவின் மேல் அவருக்கு எவ்வளவு பக்தி என்பதற்கு, மைல்ஸ் டேவிஸின் ‘அமாண்ட்லா’ ஆல்பத்துக்காக அவர் எழுதிய ‘மிஸ்டர் பாஸ்டோரியஸ்’ சாட்சி. ஆனாலும் ‘டீன் டவுன்’ மெட்டை எடுத்தபோது அவர் ஜேகோவின் ஃப்ரெட்லெஸ் குரலைத் தேடிப் போகவில்லை. ஃப்ரெட் உள்ள கிட்டாரில், கட்டைவிரலால் தட்டி, தம் சொந்தக் குரலில் அதே வரிகளைச் சொல்கிறார்.

ஜேகோவின் பதிவில் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடுகின்றன. மில்லரின் பதிவில் அதே சுரங்கள் தனித்தனியே தெறிக்கின்றன. ஸ்லாப் முறையில் அந்த மெட்டை வாசிக்க மிகுந்த கைத்திறன் வேண்டும். ஏனென்றால் அது அந்த முறைக்காக எழுதப்பட்டதே அன்று. கீழ்ஸ்தாயியின் சொற்களில் கேட்டால், அங்கே என்ன தேவை இருந்தது? விரலால் மீட்டியே வாசித்திருக்கலாம். மில்லர் கடினமான வழியைத் தேர்ந்ததால்தான் அது அவருடைய பாடலாகவும் ஆனது. அதே சமயம், ஜேகோவைப் போலவே அச்சுஅசலாக வாசிக்கும் கைத்திறனை மில்லர் அங்கே காட்டாமல் விட்டதும் அதே அளவுக்குக் காரணம்.

இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள். மில்லரின் பதிப்பில் மெட்டின் ஓட்டம் சில இடங்களில் உடைகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தாளவாசகர் அந்த இடங்களை டிரம்ஸ் பக்கமிருந்து எப்படிக் கேட்கிறார் என்பதை அறிய விரும்புகிறேன்.


தாளவாசகர் எழுதியது:

கேட்டேன். உடைவதாக எனக்குத் தோன்றவில்லை. ஜேகோவின் பதிவில் பேஸும் டிரம்ஸும் ஒரே மனிதரின் உள்தாளத்திலிருந்து வருவதால், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்து ஒரே கோடாகத் தெரிகின்றன. மில்லரின் பதிவில் பேஸே பாதி டிரம்ஸாக மாறிவிடுகிறது. நீங்கள் உடைவு என்று கேட்கும் இடங்களில் அவருடைய கட்டைவிரல் பேஸ் டிரம்முடன் சேர்ந்து அடிக்கிறது. ஜேகோவின் பதிவில் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவரே எல்லாவற்றையும் வாசித்துவிட்டார். மில்லருடையதில் எனக்கு உட்கார ஓர் இடம் இருக்கிறது. வூட்டனின் தனி ஆல்பத்தையும் இதே காதோடு இன்று மீண்டும் கேட்கப் போகிறேன். அங்கே டிரம்ஸுக்கு இடமே விடப்படாதது குறையா, நிறைவா என்பதில் மெட்ரோனோமோடு எனக்கு வழக்கு இருக்கிறது.